வேற்றுக்கரைக் கலகம்

நிவித்திகலத் தோட்டத்து மாணவர் ஒருவர் வினவுகிறார்: "நாடு துறந்து வாழ்வோர் படைகொண்டு திரும்பின், மக்கள் எழுச்சி கொள்ளாரோ?"

1959 ஜூன் 14 அன்று, கியூபாவிலிருந்து விமானமேறிச் சென்று டொமினிக்கன் குடியரசில் இறங்கியோர் அங்ஙனமே நம்பினர். மக்கள் எழவில்லை. சர்வாதிகாரி துருஹியோவின் படை அவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றொழித்தது.

அத்தனை தொலைவு செல்வானேன்? நம் இலங்கையிலிருந்தும் அத்தகைய கலகம் ஒன்று மாலைதீவுக்குக் கப்பலேறிற்று! 1988 நவம்பர் 3 அதிகாலை, ஏறக்குறைய 80 பேர் மாலே நகரில் இறங்கினர். திட்டம், இலங்கையில் வாழ்ந்த மாலைதீவு வணிகர் அப்துல்லா லுத்துஃபியுடையது. துப்பாக்கி ஏந்திய கைகளோ புளொட் இயக்கத்துத் தமிழ் இளைஞருடையவை. அந்நியர் கையில் ஆயுதத்தைக் கண்ட மக்கள் எங்ஙனம் எழுவர்? கலகம் வென்றிருப்பினும் அரியணை லுத்துஃபி தரப்பினருக்கன்றோ!

1978 முதல் ஆண்டுவந்த ஜனாதிபதி கையூம் வீடுவீடாக ஒளிந்து தப்பினார். இந்தியாவின் உதவியை வேண்டினார். அன்றிரவே ஆக்ராவிலிருந்து பறந்த இந்திய வீரர் ஹுலுலே விமான நிலையத்தில் இறங்கினர். பணயக் கைதிகளுடன் இலங்கை நோக்கிக் கப்பலில் ஓடிய கலகக்காரரை இந்தியக் கடற்படை வழிமறித்தது. உயிரிழந்தோர் 19 பேர். கைதிகளும் அவர்களுள் அடங்குவர். லுத்துஃபிக்கு விதித்த மரண தண்டனை, பின்னர் ஆயுள் தண்டனையாயிற்று.

கையூம் 2008 வரை ஆண்டார்.