பத்து ரூபாய்த் தாளைக் காக்கப் புறப்படுங்கள், தோழர்களே!

பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய ஒரு வெள்ளைத்தாள், அதுதான் தகவல் அறியும் உரிமை மனு. இருபது வருடமாக நம் கையில் இருந்த ஆயுதம் இவ்வளவுதான். அந்தத் தாளுக்கு ஊராட்சி அலுவலகத்துப் பீரோ திறந்தது. தூர்வாராத குளத்தைத் தூர்வாரியதாகக் கணக்கெழுதிய எம்-புக் (பணி அளவுப் புத்தகம்) வெளியே வந்தது. வேலைக்கே வராதவர் பெயரில் கூலி எடுத்த வருகைப் பட்டியல் வெளியே வந்தது. ரேஷன் கடையில் 'வழங்கப்பட்டது' என்று பதிவான அரிசி எந்த வீட்டு உலைக்கும் போகவில்லை என்பதும் வெளியே வந்தது.

2025 நவம்பர் 14 முதல் அந்தத் தாளின் முனையை மழுக்கிவிட்டார்கள். மழுக்கியதற்கு அவர்கள் சூட்டியிருக்கும் பெயரைக் கேளுங்கள்: தனியுரிமைப் பாதுகாப்பு!

நடந்தது இதுதான். 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றம் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் கடைசிப் பக்கங்களில் 44(3) என்று ஒரு சின்னப் பிரிவு. அது கைவைத்த இடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே). முன்பு அந்தப் பிரிவில் நமக்கு மூன்று வாசல்கள் இருந்தன. கேட்கும் தகவலுக்குப் பொதுப்பணியோடு தொடர்பு இருந்தால் மறுக்க முடியாது. சொந்தத் தகவலே ஆனாலும் பெரிய பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம். நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் மறுக்க முடியாத தகவலைச் சாதாரணக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது. 2025 நவம்பரில் 44(3) அமலுக்கு வந்ததோடு மூன்றையும் செங்கல் வைத்து அடைத்தாகிவிட்டது. 'தனிநபர் தொடர்பான தகவல்' என்ற ஒற்றை வரிதான் அங்கே மிச்சம்.

அரசாங்கக் காகிதத்தில் ஆள் பெயர் இல்லாத காகிதம் ஒன்றைக் காட்டுங்கள், பார்ப்போம். சாலை போட்டவர் ஒரு ஒப்பந்ததாரர். அளந்து கையெழுத்திட்டவர் ஒரு பொறியாளர். மணல் அள்ள உரிமம் வாங்கியவர் ஒரு ஆள். தொகுப்பு வீடு கிடைத்ததாகப் பட்டியலில் இருப்பவரும் ஒரு ஆள்தான். எல்லாமே 'தனிநபர் தகவல்' என்று ஒரு வரியில் பதில் எழுதி, மனுவைத் திருப்பிவிடலாம். ஊழலுக்குப் பெயர் உண்டு, தோழர்களே. பெயரை மறைத்துவிட்டுக் கணக்கை மட்டும் கொடுத்தால், அதை வைத்து யாரைக் கேள்வி கேட்பது?

"8(2) பிரிவு இருக்கிறதே, பொதுநலன் பெரிது என்றால் அதன்படி தரலாமே" என்கிறது ஒன்றிய அரசு. 'தரலாம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். எந்த அலுவலகத்தின் கோப்பைக் கேட்கிறோமோ, அந்த அலுவலகமே தராசைப் பிடிக்கும். எடைக்கல்லும் அதன் கையில்தான். வாசலை அடைத்துவிட்டு ஜன்னலைக் காட்டுகிறார்கள். அந்த ஜன்னலையும் நாம் விடப்போவதில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

தனியுரிமைக்கு நாம் எதிரிகளா? இந்தக் கேள்வியை ஊர்தோறும் நம்மிடம் கேட்பார்கள். தலை நிமிர்ந்து பதில் சொல்லுங்கள். 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் தனியுரிமை அடிப்படை உரிமை என்றபோது, அதைக் கொண்டாடியவர்கள் நாம். ஏனென்றால் எளியவனுக்கு அது கேடயம். ரேஷனுக்குக் கட்டைவிரலை வைப்பவர் யார்? நூறு நாள் வேலைத் தளத்தில் ஒரு நாளைக்கு இரண்டு முறை வரிசையில் நிற்க வைத்துப் படமெடுத்துச் செயலியில் ஏற்றினார்களே, அது யாருடைய முகம்? வேலை வாங்கிய பெண்ணின் முகம் செயலியில் ஏறும். வேலையில் காசு அடித்தவரின் பெயர் கோப்பில் ஒளியும். இதற்குப் பெயர் தனியுரிமையா?

கேடயம் உண்மையில் தேவைப்பட்ட நேரத்தில் என்ன நடந்தது என்று நம் மாநிலத்திலேயே பாருங்கள். 2019இல் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில், துணிந்து புகார் கொடுத்த பெண்ணின் அடையாளத்தைக் காவல் துறையே வெளியே சொன்னது. அரசாணையிலும் பெயர் வந்தது. 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடு என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அரசுக்கு உத்தரவிட்டது. ஐந்து வருடம் கழித்து, 2024 டிசம்பரில், அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளான மாணவியின் முதல் தகவல் அறிக்கை, அடையாளத்தோடு ஊரெங்கும் சுற்றியது. மறுபடியும் உயர் நீதிமன்றம். மறுபடியும் அதே 25 லட்சம். காக்க வேண்டிய பெண்ணின் பெயர் கசிகிறது. கசிய வேண்டிய ஒப்பந்ததாரரின் பெயருக்குக் காவல் போடுகிறார்கள்.

இந்தச் சட்டம் சாதாரண மனிதனின் தரவைக் காக்கத்தான் வந்தது என்றால், காலண்டரைப் பார்த்துவிடுவோம். விதிகளை அறிவித்தபோது, நம் தரவை வைத்திருக்கும் நிறுவனங்கள் மீதான கட்டுப்பாடுகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் கொடுத்தார்கள். தகவல் அறியும் உரிமையை வெட்டும் பிரிவுக்கு ஒரு நாள்கூட அவகாசம் இல்லை. அன்றே அமல். நமக்கான மருந்து பதினெட்டு மாதம் கழித்து. நமக்கான வெட்டு இன்றைக்கே!

இன்னும் இருக்கிறது. தரவு கசிந்து பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர வழிசெய்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவை நீக்கச் சொல்கிறது இதே சட்டம். 250 கோடி ரூபாய் வரை அபராதம் போடலாம். ஆனால் அந்தப் பணம் அரசுக் கருவூலத்துக்குப் போகும், பாதிக்கப்பட்டவர் கைக்கு வராது. குடிமகன் 'கடமை' தவறினால் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. தன் அமைப்புகளுக்கே முழு விலக்குக் கொடுத்துக்கொள்ள ஒன்றிய அரசுக்கு அதிகாரம் உண்டு. முந்தைய வரைவுகளில் பத்திரிகைப் பணிக்கென்று இருந்த விலக்கை மட்டும் இதில் காணோம். ஊழல் செய்தவரின் பெயரை எழுத, நாளை அவரிடமே ஒப்புதல் வாங்கிவரச் சொல்வார்களோ?

தனியுரிமையைத் திரையாகத் தொங்கவிடும் வித்தை புதிதல்ல. 1994இல் நம் ஊரிலேயே நடந்தது. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் தன் கதையை எழுதினார். அதிகாரிகள் சிலரோடு இருந்த தொடர்பு அதில் வந்தது. 'நக்கீரன்' வெளியிட முன்வந்தபோது சிறைத் துறை மேலிடம் தடுக்கப் பார்த்தது. உச்ச நீதிமன்றம் அக்டோபரில் தீர்ப்புச் சொன்னது: தனியாக விடப்படும் உரிமை குடிமகனுக்கு உண்டு, ஆனால் அலுவல் கடமை சம்பந்தமான செயல்களுக்கு அதிகாரி அந்தத் திரைக்குப் பின்னால் போக முடியாது, அச்சேறும் முன்பே தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லை. தேர்தல் பத்திரத்திலும் இதே வித்தைதான். கட்சிக்கு நன்கொடை கொடுத்தவரின் தனியுரிமை என்றார்கள். 2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகள் அந்தத் திட்டத்தையே ரத்து செய்தார்கள். திரை விலகியதும் யார் யார், எவ்வளவு என்று நாடே பார்த்தது.

திரைக்குக் காவலாக நிற்கும் நாய் ஒன்று உண்டு: அவதூறு வழக்கு. 1860இல் வெள்ளைக்காரன் எழுதிய 499, 500 பிரிவுகள் இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆகப் புதுச் சட்டை போட்டு நிற்கின்றன. இரண்டு வருடச் சிறை அப்படியே இருக்கிறது. அமைச்சருக்கு மனம் நொந்தால் அரசு வழக்கறிஞரே புகார் தாக்கல் செய்யலாம். செலவு நம் வரிப்பணம். இலங்கை 2002இலேயே குற்றவியல் அவதூறை ஒழித்துவிட்டது. அங்கும் 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் என்று வேறு வேடத்தில் திரும்பி வந்தது. தமிழ்நாட்டில் 2012 முதல் பத்திரிகைகள் மீது போடப்பட்டிருந்த 90 அவதூறு வழக்குகளை 2021இல் திரும்பப் பெற்றார்கள். நல்லது. ஆனால் அத்தனை வருடம் வாய்தாவுக்கு அலைந்த கால்களுக்கு யார் கூலி கொடுத்தார்கள்? இந்த வழக்குகளில் தண்டனை தீர்ப்பில் இல்லை, அலைச்சலில் இருக்கிறது. 2017இல் நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீயில் எரிந்தபோது, கோபத்தில் கேலிச்சித்திரம் போட்ட பாலாவைக் கைது செய்தார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவும் அந்த வழக்கில் இருந்தது. பெண்ணின் படத்தைத் திருடி மிரட்டுகிறவனைப் பிடிக்க வேண்டிய பிரிவு, ஓவியரின் வீட்டுக் கதவைத் தட்டியது.

தீர்ப்பு வந்தால் போதும் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். இணையத்தில் 'எரிச்சலூட்டும்' பதிவுக்கே சிறை என்ற, அதே சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்தது. 2021இலும் காவல் நிலையங்களில் அந்தச் செத்த பிரிவில் வழக்குப் பதிந்துகொண்டிருந்தார்கள், நீதிபதிகளே அதிர்ந்துபோனார்கள். தீர்ப்பு டெல்லியில் இருக்கும். அதை நம் ஊர்க் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் வேண்டும். அந்த ஆள் நாம்தான்.

தோழர்களே, வேலையைப் பிரித்துக்கொள்வோம்.

ஒன்று: மனு போடுவதை ஒரு வாரம்கூட நிறுத்தாதீர்கள். 'எப்படியும் மறுப்பார்கள்' என்று நாமே ஓய்ந்துவிட்டால், சட்டத்தைத் திருத்தியவர்களின் வேலை முடிந்தது.

இரண்டு: மனுவின் முதல் பத்தியிலேயே 8(2)ஐக் குறிப்பிட்டு, பொதுநலன் என்ன என்று எழுதுங்கள். 4(1)(பி) பிரிவை மறக்காதீர்கள்: அலுவலர் சம்பளம், மானியத் திட்டப் பயனாளிகள், உரிமம் பெற்றவர்கள் ஆகிய விவரங்களை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்ற கட்டளை இன்னும் உயிரோடு இருக்கிறது. மறுத்தது சரி என்று நிரூபிக்கும் பொறுப்பும் அதிகாரிக்குத்தான், 19(5)இன்படி. முப்பது நாளில் பதில் இல்லையா, முதல் மேல்முறையீடு. அங்கும் இல்லையா, தகவல் ஆணையம்.

மூன்று: நம் கை சுத்தமாக இருக்கட்டும். ஆதார் எண், கைபேசி எண், வங்கிக் கணக்கு, நோய் விவரம் வேண்டாம், அவற்றை மறைத்து மீதியைக் கொடுங்கள் என்று நாமே எழுதுவோம். 10ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. வாட்ஸ்அப்பில் ஒரு பெண்ணின் படமோ பெயரோ சுற்றி வந்தால், அது எதிரணிக்காரர் வீட்டுப் பெண்ணாகவே இருந்தாலும், நம் கையோடு நிற்கட்டும். பாதிக்கப்பட்டவரை இணையக் குற்ற உதவி எண் 1930க்கு அழைக்கச் சொல்லுங்கள். காவல் நிலையத்துக்குத் துணைக்குப் போங்கள். எளியவரின் கேடயத்தைத் தாங்கிப் பிடிக்காதவருக்கு, வலியவரின் திரையைக் கிழிக்கும் தகுதி கிடையாது.

நான்கு: மறுப்புக் கடிதங்களைத் தூக்கிப் போடாதீர்கள். 'தனிநபர் தகவல்' என்று திருப்பிய ஒவ்வொரு கடிதமும் நமக்குச் சாட்சி. ஊராட்சி ஒன்றியம் வாரியாகச் சேருங்கள். என்ன கேட்டோம், என்ன மறைத்தார்கள் என்ற அந்தப் பட்டியலை உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மேசையில் வையுங்கள்.

ஐந்து: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆண்டுக்கு ஆறு கிராம சபை. அடுத்து வருவது எதுவோ, அதில் எழுந்து நில்லுங்கள். '44(3)ஐத் திரும்பப் பெறு, பழைய 8(1)(ஜே)வைத் திருப்பிக் கொடு' என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். குற்றவியல் அவதூறுப் பிரிவை நீக்கக் கோரும் தீர்மானத்தையும் அதோடு சேருங்கள்.

மத்திய சட்டம் வருவதற்கு எட்டு வருடம் முன்பே, 1997இல், நாட்டிலேயே முதலாவதாகத் தகவல் உரிமைச் சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடு. ராஜஸ்தானில் கூலிக்காரப் பெண்களும் விவசாயிகளும் பியாவர் வீதியில் நாற்பது நாள் உட்கார்ந்து, 'எங்கள் பணம், எங்கள் கணக்கு' என்று கேட்டார்கள். அவர்கள் கேட்ட கணக்கில் பெயர் இருந்தது, கையெழுத்து இருந்தது. அதனால்தான் திருடியவர் திருப்பிக் கட்டினார்.

தாள் இருக்கிறது. வில்லை பத்து ரூபாய்தான். நாளை காலை அலுவலகம் திறக்கும்போது, தபால் வாங்கும் மேசை மேல் உங்கள் மனு இருக்கட்டும்.