பின்வாசல் இல்லாத கடைகள்

நாரணாபுரம் வட்டாரத்துப் பட்டாசு ஆலைகளைப் பார்த்த வணிக அன்பர்களுக்கு அவற்றின் அமைப்பு தெரியும். சிறு சிறு அறைகள் பொட்டலில் இடைவெளி விட்டு நிற்கும். ஓர் அறை போனாலும் அடுத்த அறை தப்ப வேண்டும் என்பதே அதன் நோக்கம். அளவை மீறி ஆளையும் மருந்தையும் அடைத்தால் என்ன ஆகும் என்பதை 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் கண்டோம். அதே சரக்கு கடைவீதிக்கு வந்ததும் இந்த இடைவெளிக் கணக்கெல்லாம் நமக்கு மறந்துவிடுகிறது.

நம்மில் பலர் மளிகையோடு தீபாவளிப் பட்டாசும் போடுகிறோம். 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் நிரந்தரப் பட்டாசுக் கடைக்குச் சொல்வது கடினமானதல்ல. செங்கல், கல் அல்லது கான்கிரீட் கட்டிடம், தரைத்தளம், பரப்பு 9 சதுர மீட்டருக்குக் குறையாமலும் 25-க்கு மேற்படாமலும். தனி வாசலும் அவசர வழியும் வேண்டும், கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். மேலே குடியிருப்பு கூடாது. மாடிப்படிக்கு அடியிலோ அருகிலோ கூடாது. மெயின் சுவிட்ச் கடைக்கு வெளியே இருக்க வேண்டும்.

நம் கடைகள் எப்படி இருக்கின்றன? முன்னால் ஒரு ஷட்டர், உள்ளே நீளமாக ஒரு சுரங்கம், தலைக்கு மேல் பரண், பின்சுவர் அடுத்தவர் சுவரோடு ஒட்டி. பட்டாசே விற்காத கடையிலும் எண்ணெய் டின், சாக்கு, கற்பூரம், தீப்பெட்டி பண்டல் இல்லாமலா போகும்?

ஷட்டரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சூட்டில் தகடு நெளிந்தால் அது மேலே ஏறாது. மின்சார ஷட்டர் என்றால் கரண்டு போனதும் நின்றுவிடும். 2016-இல் திருத்தப்பட்ட தேசியக் கட்டிட விதித் தொகுப்பும், வெளியேறும் வழியில் மேலே ஏறும் கதவையோ பக்கவாட்டில் நகரும் கதவையோ பொருத்தக்கூடாது என்கிறது. அப்படியானால் நம் கடைகள் பலவற்றில் வாசல் என்று கணக்கில் எடுக்க ஒன்றுகூட இல்லை!

பின்பக்கம் வாசல் வைத்தால் சரக்குக்குப் பாதுகாப்பு ஏது என்பார்கள். நியாயமான கேள்வி. உள்ளே தாழ் மட்டும் உள்ள இரும்புக் கதவு போதும்; கடையில் ஆள் இருக்கும்போது பூட்டுப் போடாமல் இருந்தால் சரி. இரண்டடி இடம் வீணாகிறதே என்பதுதான் உண்மையான வருத்தம். அந்த இரண்டடியில் எத்தனை மூட்டை அடுக்கலாம் என்று நமக்குக் கணக்குத் தெரியும்.

2016 அக்டோபர் 20 அன்று சிவகாசியில் பட்டாசுக் கடையொன்றில் வண்டியில் சரக்கு கையாளும்போது தீப்பிடித்தது. எட்டுப் பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பக்கத்திலிருந்த ஸ்கேன் மையத்தில் இருந்தவர்கள். பட்டாசுக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அவர்களைக் கொன்றது புகை. நம் கடையில் வழி இல்லையென்றால் போவது நம் சரக்கு மட்டுமல்ல, பக்கத்துக் கடைக்கு வந்தவரின் உயிரும்தான்.

செலவு யாருடையது என்பதில் கட்டிட உரிமையாளருக்கும் வாடகைதாரருக்கும் இழுபறி ஏற்படுவது இயல்பு. வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போதே இதைப் பேசி எழுதிக்கொள்வது நல்லது. புதிதாக எழும்பும் வணிக வளாகங்களில் இரண்டாவது படிக்கட்டைக் கண்ணால் பார்க்காமல் உறுப்பினர்கள் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். உரிமம் சீக்கிரம் கிடைக்க வேண்டுமென்று அதிகாரிகளிடம் போகிற நமது சங்கம், வாசலைத் திறந்து பார்த்துவிட்டு உரிமம் கொடுங்கள் என்றும் கேட்க வேண்டும்.

பழைய கடைக்காரர்கள், சுவரை இடிப்பதற்குமுன் பொறியாளர் ஒருவரைக் கலந்துகொள்ளட்டும். ஆடியில் வியாபாரம் மந்தம். ஆடியில் கொத்து வேலை தொடங்க மனமில்லாதவர்கள் ஆனியிலேயே முடித்துக்கொள்ளலாம். புரட்டாசி பிறந்துவிட்டால் கொத்தனார் நிற்கவும் கடைக்குள் இடமிருக்காது.