வேட்டியை வெளியே நிறுத்தும் அழைப்பிதழ்!

தமிழ்நாட்டில் இந்நாள் அச்சேறும் திருமண அழைப்பிதழ்கள் சிலவற்றின் கீழ்மூலையில் புதிதாய் ஒரு வரி வந்து குந்தியிருக்கின்றது. 'டிரசு கோடு: பார்மல்' என்பது அவ்வரி. சிலவற்றில் 'பிளாக் டை'. இன்னுஞ் சிலவற்றில் 'காக்டெயில்'! மேலே குறட்பா, நடுவே மணமக்கள் பெயர், 'சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து வாழ்த்தியருள வேண்டுகின்றோம்' என்னும் கனிந்த வேண்டுகோள், அடியிலோ குடிமயக்கக் கலவையொன்றின் பெயரால் ஓர் உடைக்கட்டளை! இவற்றை விடுப்போர் தமிழறியா அயலார் அல்லர். தம் மக்கட்குச் செந்தமிழ்ப் பெயர் சூட்டி மகிழ்ந்தாரும் அவருள் உளர் என்பதே எம்மை எழுதத் தூண்டிற்று.

விருந்தினர் இன்ன உடையில் வருக என்று மணவீட்டார் விரும்புவதே தவறென்று யாம் கூறவில்லை. அவ்வுரிமை அவர்க்குண்டு. எவ்வுடையை, எம்மொழியில், யாரிடம், எவ்வாறு கேட்கின்றீர் என்பதே எம் வினா.

இவ்வழக்கம் மேனாட்டினின்று, அதிலும் ஆங்கிலரிடமிருந்து, வந்தது. ஆங்கே அழைப்பிதழின் மூலையில் இரண்டு சொல் இட்டாற் போதும். பெறுவோர்க்குப் பொருள் விளங்கும். 'பிளாக் டை' எனின், மாலை விருந்துக்குரிய கரிய மேற்சட்டையும் கரிய கழுத்துமுடிச்சும் ஆம். அதனைப் பகலில் அணிவது ஆங்கிலர் வழக்கிலேயே பிழை! அவர்தம் மரபான மணவுடை, பின்புறம் நீண்டு தொங்கும் பகற்சட்டையே. அதற்குக் கரணியமும் உண்டு. இங்கிலாந்தில் 1886 வரை நண்பகலுக்குள்ளும், அதன்பின் பிற்பகல் 3 மணிக்குள்ளும், 1934 முதல் மாலை 6 மணிக்குள்ளும் திருமணம் முடிதல் வேண்டும் என்பது பொதுச்சட்டம். 2012-இல்தான் அந்நேரவரம்பு நீங்கிற்று. தன் நாட்டுச் சட்டமும் குளிரும் வகுத்த உடையை ஆங்கிலன் உடுத்துகின்றான். அதில் நமக்கு வழக்கில்லை. பொருளறியாது அவன் சொல்லை மட்டும் பெயர்த்தெடுத்து, வைகாசி வெயிலில் வியர்த்தொழுகும் சென்னையில் அச்சிட்டு வழங்குவாரோடுதான் நமக்கு வழக்கு.

'பார்மல்' என்றால் என்ன? பத்துப் பேரைக் கேளுங்கள். பத்து விடை வரும். ஒருவர் கோட்டு என்பார். ஒருவர் முழுக்கைச் சட்டை போதும் என்பார். பட்டுவேட்டியும் அதில் அடங்கும் என்று ஒருவர் வாதாடுவார். சொல்ல வந்ததைச் சொல்லாத அறிவிப்பும் ஓர் அறிவிப்போ? பொருள் கேட்க நாணி, கடன்பட்டுப் புத்துடை தைப்பார் சிலர். 'அங்கே நமக்கென்ன இடம்?' என்று மொய்ப்பணத்தைப் பிறர் கையில் கொடுத்தனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவார் சிலர். வராமற்போன அவர்களை மணவீட்டார் எண்ணிப் பார்ப்பதேயில்லை.

எம் உறவில் நிகழ்ந்த ஒரு வரவேற்பைச் சொல்வோம். மணமகளின் தாய்மாமன் ஓர் உழவர். காலையில் மணமேடையேறிச் சீர் செய்தவர். மாலையில் பெருவிடுதியில் நடந்த வரவேற்பிற்கும் அதே வெள்ளை வேட்டியில் வந்தார். எவரும் தடுக்கவில்லை. ஆயினும் படமெடுக்க வந்த இளைஞன், "ஐயா, சற்றே ஓரமாக நில்லுங்கள், உடை ஒத்து வரவில்லை" என்றான். அவர் ஓரமாகவே நின்றார்; உண்ணாமலே ஊர்ப்பேருந்து ஏறினார். அவ்விளைஞனை யாம் நோகோம். அழைப்பிதழில் அச்சாகியிருந்ததைத்தான் அவன் வாயாற் சொன்னான். முகம் சற்றே திரியினும் விருந்தினர் வாடுவர் என்பதை அனிச்ச மலரைக் காட்டி உணர்த்தினார் வள்ளுவர். அவர் குறளை மேலே அச்சிட்டுக் கீழே முகந்திரிகின்றோம்!

2014 சூலையில் சென்னை உயர்நெறிமன்ற நடுவர் அரிபரந்தாமன் அவர்கள், நூல் வெளியீட்டு விழாவொன்றிற்கு வேட்டியுடுத்துச் சென்றபொழுது, தமிழ்நாடு மட்டைப்பந்துக் கழகத்தின் மன்றத்தில் நுழையவிடாது தடுக்கப்பட்டார். நாடே கொதித்தது. அடுத்த திங்களிலேயே தமிழகச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றிற்று. வேட்டியுடுத்தாரை உடை கரணியமாகத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை. 25,000 உருபா வரை தண்டம். நன்று! ஆனால், அயலான் விட்டுச்சென்ற மன்றத்தின் வாயிலில் நாம் உடைத்த தடையை நம் வீட்டு மணவாயிலில் நாமே கட்டுகின்றோமே, இதற்கு எச்சட்டம் வரும்?

'விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகை'யைத் 'திருமண அழைப்பிதழ்' ஆக்கத் தமிழன்பர்கள் எத்துணை எள்ளலைத் தாங்கினர்! அவ்வெற்றி இன்று மூலைவரியில் கரைகின்றது. போதாக்குறைக்கு, 'அல்தி', 'சங்கீத்' என்னும் வடபுலப் பெயர்களோடு முதல்நாள் மஞ்சள், மறுநாள் பச்சை என நாளுக்கொரு நிறம் புலனத்தில் ஆணையாய் வருகின்றது. மஞ்சள் பூசி மகிழ நலங்கு நமக்கில்லையா? ஒரு நாள் உடுத்துப் பெட்டியில் பூட்டும் துணிக்கு உறவினர் ஏன் பணம் இறைக்க வேண்டும்?

உடைபற்றிச் சொல்லியே ஆகவேண்டும் எனின், நம் மரபில் வழியுண்டு. வெற்றிலை பாக்கோடு தட்டில் அழைப்பிதழ் வைத்து நேரில் அழைக்கின்றோம் அல்லமோ? அப்பொழுது வாயாற் சொல்லுங்கள்: "மாமா, எல்லாரும் வேட்டி சேலையில் வந்தால் எங்கட்கு மகிழ்ச்சி." சொல்வதில் அன்பிருக்கும், இயலாதவர் இயலாமையை அங்கேயே சொல்லவும் இடமிருக்கும். தொலைவிலுள்ளார்க்கு அச்சில்தான் தெரிவிக்க வேண்டுமெனின், 'வேட்டி, சேலை உடுத்து வருமாறு விழைகின்றோம். எவ்வுடையில் வரினும் மகிழ்வோம்' என்று தமிழில் எழுதுங்கள். பிறநாட்டு நண்பர்க்குத் தனிமடல் எழுதினாற் போதும். அவர்பொருட்டு ஊரார் அனைவர்க்கும் ஆங்கிலக் கட்டளை வேண்டா.

விடுதியில் வரவேற்பு வைப்பார்க்கு ஒரு சொல். முன்பணம் கட்டுமுன்னரே, வேட்டியுடுத்து வருவாரை எவ்விடத்தும் தடுப்பதில்லை என்று விடுதியாரிடம் எழுத்தில் பெறுக. படமெடுப்பாரிடமும் முன்கூட்டியே சொல்லி வைக்க: தாய்மாமன் நடுவில் நிற்பார்.