பம்பை மறைக்காதீர், தோழர்களே!

அண்மையில் ஒரு நூற்பாலையின் வாயிற்கூட்டத்திற்குப் போயிருந்தோம். கூட்டம் முடிந்தது. தோழர்கள் கொடிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அரை மணி நேரம் தொண்டை கிழிய முழக்கமிட்ட ஒரு தோழர் மட்டும் மெல்ல நழுவி டீக்கடையின் பின்புறம் போனார். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து வாயில் வைத்தார். "புஸ்" என்று ஒரு சத்தம். திருடனைப் போல இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அதை மறுபடியும் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அது நீல நிறப் பம்பு. இழுப்பு வந்தால் அடித்துக்கொள்ளும் இன்ஹேலர்.

ஏன் தோழரே இந்த ஒளிவு மறைவு என்று கேட்டோம். "வெளியே சொல்லிவிடாதீர்கள். மேஸ்திரி காதுக்குப் போனால் ஆளை மாற்று என்பான். வீட்டில் பெண்ணுக்கு வரன் வேறு பார்க்கிறோம். அப்பனுக்கு இழுப்பு என்றால் எவன் வருவான்?" என்றார். முதலாளியின் முகத்துக்கு நேரே கை நீட்டிப் பேசும் மனிதர் அவர். தடியடிக்கு அஞ்சாதவர். ஆனால் விரல் நீளமுள்ள ஒரு டப்பாவை நாலு பேர் முன்னால் எடுக்க அஞ்சுகிறார். இந்த அச்சம்தான் நம்மை இதை எழுத வைத்தது.

ஆஸ்துமா என்பது என்ன? நுரையீரலுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்களின் உட்சுவர் நாள்பட வீங்கியிருக்கிறது. தூசியோ புகையோ பனியோ சளிக் காய்ச்சலோ பட்டால் அந்தக் குழாய்களைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. உட்சுவர் மேலும் வீங்குகிறது. கோழை அடைக்கிறது. பெரிய பைப்பில் வந்த தண்ணீர் துளையடைத்த பைப்பில் திணறுவதுபோல மூச்சு திணறுகிறது. இது தொற்று நோயல்ல. காச நோயுமல்ல. பக்கத்தில் படுத்தாலும், ஒரே டம்ளரில் டீ குடித்தாலும் ஒட்டாது. முன்வினைப் பயனும் அல்ல, ஆண்மைக் குறைவும் அல்ல.

ஆண்மைக்கும் நெஞ்சுரத்துக்கும் ஆஸ்துமா பகையா? நம் தோழர்கள் பனியனிலும் சுவரிலும் வரைந்து வைத்திருக்கிறார்களே சே குவேரா, அவர் யார்? இரண்டு வயதிலிருந்து சாகும்வரை ஆஸ்துமாக்காரர். பிள்ளைக்கு மூச்சுத் திணறுகிறதென்று பெற்றோர் வறண்ட காற்றைத் தேடி அர்ஜெண்டினாவில் அல்டா கிராசியா என்ற மலையோர ஊருக்கே குடிபெயர்ந்தார்கள். அவர் டாக்டருக்குப் படித்தார். 1956 டிசம்பரில் கிரான்மா படகில் கியூபாவுக்குப் போய் இறங்கினார். சியேரா மாஸ்திரா மலையில் நடக்க முடியாமல் மூச்சு நின்றுவிடும்போல் ஆன நாட்கள் உண்டு. 1967இல் பொலிவியாவில் அவருடைய மருந்துகள் ஒரு குகையில் மறைத்து வைக்கப்பட்டிருந்தன. ஆகஸ்டு மாதம் அந்தக் குகை இராணுவத்தின் கையில் சிக்கியது. அதன் பிறகு மருந்தில்லாமல் இழுப்போடு காடுமேடெல்லாம் நடந்தார். அக்டோபர் 9 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். துப்பாக்கிக்கு முன்னே அவரை வாட்டியது மூச்சு. ஆனால் அவர் தமது நோயை எழுத்தில் மறைக்கவில்லை. நாட்குறிப்பிலேயே பல தடவை எழுதிவைத்தார். படத்தை மட்டும் மாட்டிக்கொண்டு பம்பை ஒளிப்பது என்ன நியாயம்?

இதில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்று நம் தோழர் பையில் இருக்கும் அந்த நீலப் பம்பின் மருந்து, சால்பியூட்டமால், சே சாகும்போது கடைக்கே வரவில்லை. இங்கிலாந்தில் டேவிட் ஜாக் என்பவரின் தலைமையில் ஒரு குழு அதை 1966 வாக்கில் கண்டுபிடித்தது. 1969இல்தான் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்பிருந்தவை அட்ரினலின் ஊசியும், ஐசோபிரனலின் பம்பும். அவை மூச்சுக் குழாயைத் திறக்கும்; கூடவே இதயத்தையும் அடி அடியென்று அடிக்க வைக்கும். அளந்து தெளிக்கும் பம்பே 1956இல்தான் பிறந்தது. அமெரிக்காவில் ஒரு மருந்துக் கம்பெனித் தலைவரின் 13 வயது மகளுக்கு ஆஸ்துமா. தலைமுடிக்கு ஸ்பிரே தெளிக்கிற டப்பாவில் என் மருந்தையும் ஏன் அடைக்கக் கூடாது என்று அந்தப் பெண் கேட்டாள் என்பார்கள். சிறுமியின் கேள்வி கோடிக்கணக்கானவர்களின் மூச்சாயிற்று.

சரி, நம் மக்கள் பம்பைப்பற்றி என்ன சொல்கிறார்கள்? "பம்பு கடைசி மருந்து. ஒரு தடவை எடுத்தால் விடாது. மாத்திரைதான் சாது."

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீலப் பம்பை ஒரு தடவை அழுத்தினால் 100 மைக்ரோகிராம் மருந்து வருகிறது. ஒரு டப்பாவில் 200 தடவை. ஆக முழு டப்பாவிலும் இருப்பது 20 மில்லிகிராம். அதே மருந்தின் மாத்திரை 4 மில்லிகிராம். அதாவது ஐந்து மாத்திரைக்குள் ஒரு டப்பாவின் மருந்து முழுதும் அடங்கிவிடுகிறது! நாளுக்கு மூன்று மாத்திரை விழுங்கும் தோழர் இரண்டு நாளில் ஒரு பம்பையே குடித்துத் தீர்க்கிறார். அது வயிற்றுக்குப் போய், இரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றி, கை நடுக்கத்தையும் படபடப்பையும் தந்துவிட்டுக் கடைசியில் நுரையீரலுக்கு வருகிறது. பம்போ நேரே நுரையீரலுக்குப் போகிறது. சில நிமிடங்களில் வேலை செய்கிறது. இப்போது சொல்லுங்கள், எது சாது?

ஆனால் இத்தோடு நிறுத்தினால் நாம் பாதி உண்மை சொன்னவர்களாவோம். பாதி உண்மை ஆளைக் கொல்லும். நீலப் பம்பு இறுகிய தசையைத் தளர்த்தும். உள்ளே இருக்கும் வீக்கத்தை அது தொடாது. இறுக்கம் போனதும் நோய் போய்விட்டதென்று ஆள் வேலைக்குப் போகிறான். வீக்கம் உள்ளேயே வளர்கிறது. நாளுக்கு ஒன்று இரண்டாகிறது, இரண்டு எட்டாகிறது. ஒரு நாள் இரவு பம்பு கைகொடுப்பதில்லை. 1960களில் இங்கிலாந்தில் வீரியம் கூட்டிய ஐசோபிரனலின் பம்பு தாராளமாகப் புழங்கியபோது ஆஸ்துமாச் சாவுகள் ஏறின. அந்தப் பாடத்தை உலகம் மெல்ல மெல்லப் படித்தது. 2019இல் ஆஸ்துமாவுக்கான சர்வதேச வழிகாட்டுக் குழுவே, நீலப் பம்பை மட்டும் தனியாக நம்பிச் சிகிச்சை செய்வதைக் கைவிட்டது. வீக்கத்தை ஆற்றும் ஸ்டீராய்டுப் பம்பு வேண்டும் என்றது. அந்த ஸ்டீராய்டோடு பார்மோட்டெரால் சேர்ந்த ஒரே பம்பை, டாக்டர் சொல்படி, தினசரிக்கும் அவசரத்துக்கும் பயன்படுத்தும் முறையும் வந்துவிட்டது.

ஸ்டீராய்டு என்றதும் நடுங்க வேண்டாம். உள்ளிழுக்கும் அளவு மிகச் சிறியது. எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண் வருவது குறையும். இதை நிறுத்துவதும் குறைப்பதும் டாக்டரின் முடிவாக இருக்கட்டும். "நன்றாகத்தானே இருக்கிறது" என்று நாமாக நிறுத்தும் இடத்தில்தான் அடுத்த இழுப்பு காத்திருக்கிறது.

எப்போது எச்சரிக்கையாக வேண்டும்? வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் நீலப் பம்பு தேவைப்பட்டால் நோய் அடங்கவில்லை என்று பொருள். வருஷத்துக்கு மூன்று டப்பாவுக்கு மேல் போனால் ஆபத்து கூடுகிறது. மாதம் ஒரு டப்பா காலியாகிறதென்றால், தோழரே, உயிருக்கே ஆபத்து. யூனியன் வேலையைப் போட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள்.

பம்பு இருக்கிறது, குணம் தெரியவில்லை என்பவர்களில் பலர் அதைத் தவறாக அடிப்பவர்கள். நாம் பார்த்தவரை நாக்கின் மேல் அடித்துக்கொண்டு விழுங்குகிறவர்களே அதிகம். டப்பாவை நன்றாகக் குலுக்க வேண்டும். மூச்சை முழுதும் வெளியே விட வேண்டும். உதடு மூடி, மெதுவாக ஆழமாக இழுக்கத் தொடங்கும்போதே ஒரு தடவை அழுத்த வேண்டும். பத்து எண்ணும்வரை மூச்சை அடக்க வேண்டும். இரண்டாவது தடவைக்கு அரை நிமிடம் பொறுக்க வேண்டும். கை ஒத்துழைக்காதவர்களுக்கு ஸ்பேசர் என்ற குடுவை உண்டு. அதை வாங்கக் காசில்லை என்றால்? தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் பம்பின் வாய் நுழையத் துளையிட்டு, சுற்றிலும் அடைத்து, குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். விலைக்கு விற்கும் ஸ்பேசரைப் போலவே அது வேலை செய்தது. 1999இல் வெளியான ஆய்வு இது. ஏழைக்கு உதவும் விஞ்ஞானம் எப்போதும் இவ்வளவு எளிமையாகத்தான் இருக்கிறது. விளம்பரம்தான் அதற்குக் கிடைப்பதில்லை.

விளம்பரம் எதற்குக் கிடைக்கிறது? ஐதராபாத்தில் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் உயிருள்ள விரால் குஞ்சின் வாயில் ஏதோ ஒரு பசையை வைத்து விழுங்கக் கொடுக்கிறார்கள். ஆயிரமாயிரம் மக்கள் வெயிலில் வரிசையில் நிற்கிறார்கள். முன்பு "மருந்து" என்றார்கள். கேள்விகள் எழுந்த பின் "பிரசாதம்" என்றார்கள். வரிசையில் நிற்கும் ஏழையை நாம் கேலி செய்யமாட்டோம். மருத்துவமனையில் அவனுக்கு மரியாதையும் மருந்தும் கிடைத்திருந்தால் அவன் ஏன் மீனை விழுங்குகிறான்?

இங்கேதான் சர்க்காரைக் கேட்க வேண்டிய கேள்வி வருகிறது. உலகிலுள்ள ஆஸ்துமாக்காரர்களில் இந்தியர் சுமார் 13 விழுக்காடு; ஆஸ்துமாச் சாவிலோ 42 விழுக்காட்டுக்கு மேல் நம்முடையது என்பது உலக நோய்ச் சுமை ஆய்வை வைத்து மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. நோயில் எட்டில் ஒரு பங்கு, சாவில் ஐந்தில் இரண்டு பங்கு! இந்த வித்தியாசம் காற்றில் வந்ததா? கிடைக்காத பம்பாலும், சொல்லிக் கொடுக்காத டாக்டராலும், விலையாலும் வந்தது. 2024 அக்டோபரில் ஒன்றிய அரசின் மருந்து விலை ஆணையம் எட்டு மருந்துகளின் உச்ச விலையை 50 விழுக்காடு உயர்த்தியது. சால்பியூட்டமால் மாத்திரையும், நெபுலைசரில் ஊற்றும் மருந்தும் அதில் அடக்கம். மூலப்பொருள் விலை ஏறிவிட்டது, கட்டுப்படியாகவில்லை, விலையை ஏற்றாவிட்டால் கம்பெனிகள் உற்பத்தியை நிறுத்திவிடும் என்று காரணம் சொன்னார்கள். நிறுத்தினால் என்ன? பொதுத்துறை மருந்து ஆலைகளை நலிய விட்டவர்கள் யார்? அவை நிமிர்ந்து நின்றிருந்தால் இந்த மிரட்டல் எடுபட்டிருக்குமா? அரை நூற்றாண்டுக்கும் பழைய மருந்து இது. காப்புரிமை காலாவதியாகிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன.

ஆலைக்குள்ளே வருவோம். பஞ்சுத் தூசி நெஞ்சைப் பிடிக்கும் நோய்க்குத் தனிப் பெயர் உண்டு, பிசினோசிஸ். விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுகும் என்பது அதன் குணம். அது ஆஸ்துமாவிலிருந்து வேறானது. தொழில் நோய்ப் பட்டியலில் ஏறியது. ஆஸ்துமாவையே உண்டாக்கும் வேலைகளும் இருக்கின்றன. கார்ப் பட்டறையில் ஐசோசயனேட் கலந்த பெயிண்டை ஸ்பிரே அடிப்பவர், பேக்கரியில் மாவு பிசைபவர், மர அறுவை மில்லில் நிற்பவர், சாயப்பட்டறையில் பொடியை அள்ளிக் கரைப்பவர், இவர்களெல்லாம் அந்த வரிசை. ஓய்வு நாளில் மூச்சு நன்றாக இருந்து வேலை நாளில் இழுத்தால் தேதி போட்டு எழுதி வையுங்கள். டாக்டரிடம் "என்ன வேலை செய்கிறேன்" என்று கேட்காமலேயே சொல்லுங்கள். நோயை மறைத்தால் நஷ்ட ஈட்டையும் சேர்த்தே மறைக்கிறோம். மேஸ்திரிக்கு வேண்டியதும் அதுதான்.

நம் பக்கம் குற்றமே இல்லையா? இருக்கிறது. கிளை அலுவலகத்தில் நாலு பேர் கூடினால் பீடிப் புகையில் முகம் தெரிவதில்லை. தலைவர் வந்தால் ஆயிரம் வாலா வெடிக்கிறோம். அந்தப் புகையில் மேடையடியில் நிற்கும் தோழருக்கு மூச்சு அடைக்கிறது. அவரோ டீக்கடைப் பின்புறம் போகிறார். இதைக் கமிட்டியில் வைத்துப் பேசலாம்.

கடும் இழுப்பு வந்தவரைப் படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி உட்கார வையுங்கள். சுற்றி நின்று காற்றை மறைக்காதீர்கள். நீலப் பம்பை, ஸ்பேசர் இருந்தால் அதன் வழியாக, அரை நிமிடத்துக்கு ஒன்றாகப் பத்து தடவை வரை கொடுக்கலாம். கேட்கவில்லையென்றாலோ, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லையென்றாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை பம்பை நிறுத்த வேண்டாம். இழுப்புச் சத்தம் நின்றுவிட்டதே, சரியாகிவிட்டது என்று ஏமாறாதீர்கள். காற்றே போகாதபோதும் சத்தம் நிற்கும்.

அந்த வாயிற்கூட்டத்துத் தோழரை மறுபடியும் சந்தித்தோம். ஆலையின் முதலுதவிப் பெட்டியைத் திறந்து பார்த்தாராம். டிங்சர் இருந்தது, கட்டுத் துணி இருந்தது, பஞ்சும் இருந்தது. பம்பு இல்லை. ஆலை மருத்துவரின் பொறுப்பில் ஷிப்டுக்கு ஒரு நீலப் பம்பும் ஒரு ஸ்பேசரும், தூசி உறிஞ்சும் கருவிக்கு ஒழுங்கான பராமரிப்பும் என்று அடுத்த கோரிக்கை மனுவில் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். மனுவில் முதல் கையெழுத்து அவருடையது.