புழு அரித்த மரம்

சங்கீத வாத்தியம் என்றால் அதற்கென்றே பிறந்த மரத்தில்தான் செய்யவேண்டும் என்று ஒரு சித்தாந்தம் உலவிவருகிறது. கிடார் விஷயத்தில் இது சித்தாந்தத்தைத் தாண்டி மதமாகவே ஆகிவிட்டது. விலைப் பட்டியலைப் புரட்டிப் பாருங்கள். ஹோண்டுராஸ் மகாகனி, பிரேசில் தோதகத்தி, ஆப்பிரிக்கக் கருங்காலி என்று மரங்களின் பெயர்கள் அர்ச்சனை மாதிரி வரும். வாங்குகிறவனும் கன்னத்தில் போட்டுக்கொண்டு பணத்தை எடுத்துவைக்கிறான். உடைந்த மேஜைச் சட்டத்திலிருந்து கிடாருக்குக் கழுத்துச் செதுக்கினேன் என்று ஒருவன் சொன்னால் மட்டும் எல்லாரும் சிரிக்கிறார்கள். இந்தச் சிரிப்பின்மேல்தான் எனக்குக் கோபம்.

வீணைக்குத் தண்டி எதுவோ அதுதான் கிடாருக்குக் கழுத்து. ஆறு எஃகுத் தந்திகளும் சேர்ந்து சுமார் 40 கிலோ பலத்தோடு அதை இரவும் பகலும் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. அந்த இழுப்புக்கு வில்லாக வளையக்கூடாது. மழைக்கும் வெயிலுக்கும் முறுக்கிக்கொள்ளக்கூடாது. அதனிடம் நாம் கேட்பது இவ்வளவே. இதற்கு ரேகை நேராக ஓடிய, முடிச்சில்லாத, ஈரம் நன்றாக வற்றிய மரம் வேண்டும். இந்த மூன்றில் கடைசியானதுதான் அருமை. புதிதாக அறுத்த மரத்தைச் சூளையில் வைத்து அவசர அவசரமாகக் காயவைக்கிறார்கள். ஒரு வீட்டில் நூறு வருஷம் கிடந்த மரமோ வளையவேண்டியதை வளைந்து, வெடிக்கவேண்டியதை வெடித்து, பெரும்பாலும் அடங்கிப்போய்விட்டது. கிழவர்களைப் போலத்தான், இனிமேல் புதிய துர்க்குணம் வருவது அபூர்வம்.

வெறும் வாதம் என்று நினைக்கவேண்டாம். 1963-ல் லண்டனுக்கு அருகே பிரயன் மே என்ற பள்ளிக்கூடத்துப் பையனுக்கு ஓர் அமெரிக்க மின்சாரக் கிடாரின்மேல் ஆசை வந்தது. அதன் விலை அந்தக் குடும்பத்துக்கு எட்டாது. தகப்பனார் ஹரால்டு மே மின்னணுவியல் தெரிந்தவர். அப்பாவும் பிள்ளையும் தாங்களே செய்துவிடுவது என்று உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு பழைய வீட்டுக் கணப்படுப்பின் மேல்சட்டமாக இருந்த மகாகனி மரத்தைப் பையன் கையாலேயே செதுக்கிக் கழுத்தாக்கினான். உடலுக்குப் பழைய மேஜையின் ஓக் மரம் வந்தது. மெட்டுகளுக்கு நடுவே அடையாளப் பொட்டு வைக்க அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து முத்துச்சிப்பிப் பொத்தான்கள். சுருதியை நெளிக்கும் விசைக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் ஸ்பிரிங்குகள். அந்த விசைக்கோலின் நுனிக்கு அம்மாவின் பின்னல் ஊசி. (அந்த அம்மாள் வீட்டில் எதையாவது பத்திரமாக வைத்திருக்க முடிந்ததோ என்னவோ!) எல்லாம் சேர்த்து 8 பவுன் செலவு. குவீன் குழுவின் முதல் இசைத்தட்டு 1973-ல் வெளிவந்தபோது அதில் ஒலித்தது இந்தக் கிடார்தான். 2002-ல் பக்கிங்ஹாம் அரண்மனையின் கூரைமேல் நின்றுகொண்டு அவர் வாசித்ததும் இதைத்தான்.

அவர் மேதையாயிற்றே, மேதை கையில் விறகும் பாடுமே என்பார்கள். விரல் மேதையுடையது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அறுபது வருஷமாகக் கழுத்து நேராக நிற்பதற்கு மேதை என்ன செய்வார்? அது மரத்தின் குணம். உள்ளே எஃகுக் கம்பி வைத்துக் கட்டிய கையின் குணம்.

இதில் பணத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. பிரேசில் தோதகத்தியை வெட்டித் தீர்த்தபிறகு, 1992-ல் அதன் சர்வதேச வர்த்தகத்தைத் தடை செய்தார்கள். வியாபாரிகளின் கண் நம் மேற்குத் தொடர்ச்சி மலைத் தோதகத்தியின்மேல் முன்பே விழுந்திருந்தது. உலகத்துக் கிடார்களில் விரல் ஓடும் பலகை எத்தனையோ அந்த மரம்தான். 2017-ல் தோதகத்தி இனம் முழுவதுக்கும் கட்டுப்பாடு வந்தது. 2019-ல் செய்துமுடித்த வாத்தியங்களுக்கு விலக்கும் வந்துவிட்டது. வாத்திய உலகம் அதைக் கொண்டாடியது. எனக்குக் கொண்டாடத் தோன்றவில்லை. தலைமுறை தலைமுறையாக வைரம் பாய்ந்த மரம் ஒரு விரற்கடைப் பலகைக்காக விழவேண்டுமா? மேயின் கிடாரில் அந்தப் பலகை சாதாரண ஓக். கறுப்பு வர்ணம் பூசிவிட்டார்கள். விரலுக்கு வித்தியாசம் தெரிந்ததாக யாரும் புகார் செய்யக் காணோம்.

இப்போது பழைய மரத்துக்கே ஒரு மோஸ்தர் வந்திருக்கிறது. இடித்த கட்டடத்து உத்தரம் என்று சீட்டு ஒட்டிப் புதிய மரத்தைவிட அதிக விலைக்கு விற்கிறார்கள். இது பழைய மதத்துக்குப் புதிய பூசாரி, வேறொன்றுமில்லை. பழைய மரம் எல்லாம் நல்ல மரம் என்று நான் சொல்லவில்லை. உள்ளே முறிந்துகிடக்கும் ஆணி இழைப்புளியின் பல்லைப் பெயர்த்துவிடும். தட்டினால் மொத்தென்று சத்தம் வருகிற கட்டையை அடுப்புக்கே விட்டுவிடலாம். அறுத்தபிறகும் சில வாரம் சும்மா வைத்து, திரும்புகிறதா என்று பார்க்கத்தான் வேண்டும்.

புழு அரித்திருந்தால்? மேயின் கணப்படுப்புச் சட்டத்திலும் புழு துளைத்திருந்தது. துளைகளில் தீக்குச்சியைச் செருகி அடைத்துவிட்டு மேலே இழைத்தார்கள்.