தலையெழுத்தல்ல, தைராய்டு!

பேச வேண்டிய வயதிலே பேசவில்லை. நடக்க வேண்டிய வயதிலே நடக்கவில்லை. "தலையெழுத்து!" என்கிறார் தாத்தா. "முன்வினை!" என்கிறார் சோதிடர். பெற்றவளைப் பழிக்கிறது ஊர். இப்படிப் பழி சுமந்த பிள்ளைகளிலே சிலருடைய குறைக்குக் காரணம் விதியல்ல, தோழர்களே. கழுத்திலே உள்ள தைராய்டு என்னும் சிறு சுரப்பி!

அந்தச் சுரப்பி சோர்ந்த நிலையில் பிறக்கும் குழந்தை, பார்வைக்கு மற்றக் குழந்தைகளைப் போலவே இருக்கும். தாய் தந்த சுரப்பு கருவிலே ஓரளவு காக்கும். அறிகுறிகள் தெரியும்போதோ, மூளை வளர்ச்சி குன்றியிருக்கும். இந்தியாவில் ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இந்தக் குறை உண்டு.

மருந்து இல்லையா? இருக்கிறது! தைராக்சின் மாத்திரை, மலிவான மாத்திரை. பிறந்த இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால், பெரும்பாலான குழந்தைகள் மற்றவர்களைப் போலவே வளர்வார்கள், படிப்பார்கள். கண்டுபிடிக்க வழியில்லையா? அதுவும் இருக்கிறது! குதிகாலில் ஒரு குத்து, தாளிலே சில துளி இரத்தம். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் மருத்துவர் ழான் துசோ 1974-இல் தொடங்கிய முறை இது. அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. இந்தியாவிலோ, பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இச்சோதனை இன்னும் கிட்டவில்லை. பணமுள்ளவர் வீட்டுப் பிள்ளைக்குச் சோதனை, பாட்டாளி வீட்டுப் பிள்ளைக்குச் சோதிடமா?

குழந்தைகளைத் தேடி அலைய வேண்டியதுமில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையிலேதான் நடந்தன. குழந்தை நம் வாசலுக்கே வந்துவிடுகிறது!

ஆனால், ஏட்டிலே 'சோதித்தாயிற்று' என்று எழுதிவிட்டால் போதாது. பிறந்தவுடன் டி.எஸ்.எச். அளவு இயல்பாகவே உயர்ந்து நிற்கும்; முதல் இரண்டு நாளுக்குள் குதிகால் இரத்தம் எடுத்தால் வீண் அச்சம் விளையும். குறைமாதக் குழந்தைக்கோ அந்த அளவு பிந்தி உயரக்கூடும். ஆகவே மறுசோதனை வேண்டும். தாயும் சேயும் விரைவிலே வீடு திரும்பும் நாட்டில், முடிவு வரும்போது முகவரி தெரியாவிட்டால் பயன் என்ன? ஆய்வுக்கூடத்தில் அறிக்கை உறங்கும். குடிசையிலே குழந்தையின் அறிவும் உறங்கும்!

எனவே நாம் கேட்பது மூன்று. எல்லாக் குழந்தைக்கும் இலவசச் சோதனை. ஐயம் எழுந்தால், செவிலியர் வீடு தேடிச் சென்று மறுசோதனைக்கு அழைத்து வரும் ஏற்பாடு. உறுதியானால், இரண்டு வாரத்துக்குள் மாத்திரை. இவற்றிலே ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் வீண். சில துளி இரத்தத்தால் காக்கக்கூடிய அறிவை, விதியின் பெயரால் இழக்க விடுவது நாகரிக நாட்டுக்கு அழகல்ல!