உயிலும் உறவும்

மூப்பும் சாக்காடும் யாவர்க்கும் பொது. ஆயின், அன்புடையார் சாகுங்கால் அருகிருக்கும் உரிமையும், அவர்க்குப்பின் அவ்வீட்டிலேயே வாழும் உரிமையும் யாவர்க்கும் பொதுவாயினவோ? கல்லூரித் தோழர்காள், இதனைச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

நம் நாட்டில் தன்பாலீர்ப்புடையார் இருவர் முப்பதாண்டு ஓரில்லத்தில் வாழ்ந்தனர் எனக் கொள்வோம். வீட்டுக்குரியவர் உயில் எழுதாது இறப்பின், அவ்வீடு யாரைச் சேரும்? 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமும், கிறிஸ்தவராகிய எம்மனோர்க்குரிய 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமும் மணத்தாலும் குருதியாலும் மகவேற்பாலும் வந்த உறவையே அறியும். பெற்றோரும் உடன்பிறந்தாரும் மறைந்திருப்பின், ஆண்டுக்கொருகால் வந்தும் பாராத உடன்பிறந்தார் மகன் உரியவனாவான். நோயிற் பேணியவரோ வெளியேறல் வேண்டும்.

2018-இல் உச்சநீதிமன்றம் இவர்தம் காதல் குற்றமன்று என்றது. 2023 அக்டோபர் 17-இல் அம்மன்றமே, மணவுரிமையைத் தான் வழங்கவியலாது எனத் தீர்த்தது. 2024 ஆகஸ்டில் நடுவணரசு, இத்தகையோர் கூட்டு வங்கிக்கணக்குத் தொடங்கவும் துணைவரை நியமனதாரராகக் குறிக்கவும் தடையில்லை என விளக்கிற்று. நன்றே, எனினும் நியமனதாரர் பணத்தைப் பெற்று வைத்திருப்பவரேயன்றி உடைமையாளர் அல்லர், வாரிசு கேட்பின் கொடுத்தே தீரல் வேண்டும். 2025 மேயில் சென்னை உயர்நீதிமன்றம், மணமொன்றே குடும்பத்திற்கு வழியன்று எனக் கூறிற்று. அச்சொல் இன்னும் வாரிசுரிமைச் சட்டத்தில் ஏறவில்லை.

'உயில் எழுதினால் தீர்ந்ததே!' என்பார் உளர். எழுதுதல் எளிதே, முத்திரைத்தாள் வேண்டா, பதிவும் கட்டாயமன்று, சான்றொப்பமிட இருவர் போதும். உணர்விழந்தபின் எம்மருத்துவம் வேண்டும், எது வேண்டா என்பதையும், தமக்காகப் பேசுவார் இன்னார் என்பதையும் முன்னரே எழுதிவைக்க 2018-இல் உச்சநீதிமன்றம் வழிவகுத்து, 2023-இல் அதனை எளிதாக்கிற்று. இவ்விரண்டையும் காலத்தாழ்வின்றிச் செய்க என்பதே எம் வேண்டுகோள்.

ஆயினும் ஒன்று கேட்பேன். தம் உறவை அயலார்க்கு மறைத்து வாழ்வார் அவ்விரு சான்றினரை எங்ஙனம் தேடுவர்? எழுத்தறியா ஏழை யாது செய்வர்? எழுதிய உயிலையும் உறவினர் வழக்கிட்டு எதிர்ப்பின் முதுமையில் யார் துணை? மணந்தார்க்கோ உயிலின்றியும் சட்டம் காவல் நிற்கிறது. முன்னறிவுடையார்க்கும் பொருளுடையார்க்கும் மட்டும் கிட்டுவது சலுகையே; உரிமை ஆகாது.

ஆதலின், உடன்வாழ்ந்து பேணிய துணைவரையும் வாரிசெனக் கொள்ளச் சட்டமியற்றுவோர் முன்வருதல் வேண்டும். இறுதி மூச்சுவரை கைப்பற்றியிருந்தவரை, மூச்சடங்கியவுடன் 'நீர் யார்?' என வினவுதல் அறமாகாது.